கன்னத்துப் புள்ளி

மூன்றாவது ஃபிலிம் பாதி வந்திருந்தது. பிரிண்டரின் தலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய், ஒரு மூச்சு நின்று, திரும்பி வந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஃபிலிம் ஒரு நூல் அகலம் வெளியே நகர்ந்தது. தங்கபுஷ்பம் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. உலைக்குப் பக்கத்தில் நின்றால் சோறு சீக்கிரம் வெந்துவிடுமா என்று ஊரைக் கேலி செய்கிறவள்தான் அவள். ஆனால் இன்றைக்கு எழுந்து போக முடியவில்லை. எழுந்து போகிற நேரம் பார்த்துத்தான் அது விழும். கடுகளவு, சாம்பல் நிறத்தில், படத்தில் இருக்கிற பெண்ணின் இடது கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே. முதல் ஃபிலிமில் விழுந்திருந்தது. தூசி என்று நினைத்து ஊதினாள், பூந்தூரிகையால் தட்டிவிட்டாள், போகவில்லை. இரண்டாவதிலும் அதே இடத்தில் அதே அளவில் விழுந்திருந்தது. தூசி ஒரே இடத்தில் இரண்டு தடவை விழாது, தூசிக்கு அவ்வளவு ஞாபகம் கிடையாது. அப்படியானால் மை வருகிற துளையில் அடைப்பு. துளையைக் கழுவ வைத்து, சோதனைக் கோடுகள் அடித்துப் பார்த்தாள். கோடுகள் ஒழுங்காக வந்தன, ஒழுங்காக வந்த மாதிரிதான் தெரிந்தது. அப்படியானால் கம்ப்யூட்டரில் உள்ள படத்திலேயே இருக்கிறது. கன்னத்தைத் திரை கொள்ளப் பெரிதாக்கிப் பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. திரையைத் துணியால் துடைத்தாள். மூக்குக் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதன் பிறகு துடைக்க எதுவும் மீதமில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று யாரோ மனசுக்குள் சொன்னார்கள். யாரோ என்ன, அவளேதான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மூன்றாவது ஃபிலிமைத் தட்டில் வைத்து பிரிண்டரை ஓடவிட்டாள்.

இப்படி ஒரு தொழில் இருக்கிறது என்று சொன்னால் சிவகாசியிலேயே பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். எல்லாம் நொடியில் வந்துவிடுகிற காலத்தில் நொடியில் வருவது பிடிக்காத சில போட்டோக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தாளில் இரும்பு உப்பு கலந்த மருந்தைத் தடவி, மேலே நெகட்டிவை வைத்து, வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி, நீல நிறத்தில் படம் எடுக்கிறார்கள். படம் எவ்வளவு பெரிதோ நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக வேண்டும். அதற்கு எங்கே போவது? கம்ப்யூட்டரில் படத்தைப் புரட்டி, வெள்ளையைக் கறுப்பாக்கிக் கறுப்பை வெள்ளையாக்கி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் மையால் அச்சடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் தங்கபுஷ்பம். அதற்கு முன்னால் பதினாறு வருஷம் ஒரு காலண்டர் அச்சகத்தில் ஃபிலிம் பார்த்தவள். அடியில் விளக்கு எரிகிற லைட் டேபிளில் ஃபிலிமை விரித்து, லென்ஸை வைத்து, ஊசி முனை ஓட்டை எங்கே இருக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி மையால் அடைக்கிற வேலை. முருகன் கையில் வேல் இருக்கிறதா என்று மற்றவர்கள் பார்ப்பார்கள், அவள் வேலின் நுனியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். இந்தப் படத்தை அனுப்பியிருக்கிற புதுச்சேரி போட்டோக்காரி ஆக்னஸ் போனில் சொல்வாள், அக்கா, உங்க நெகட்டிவ் வந்தா நான் திருப்பிக்கூடப் பாக்க மாட்டேன், உங்க கண்ணு பாத்துட்டா போதும் என்று. அப்போதெல்லாம் சிரிப்பு வரும். போன வாரம் அதையே சொன்னபோது சிரிப்பு வரவில்லை. வராததற்குக் காலையில் சாப்பிட்ட பழைய பூரி காரணம் என்று வைத்துக்கொண்டாள். எதற்கும் ஒரு காரணம் அகப்படத்தான் செய்கிறது, தேடுகிறவளுக்கு.

ஃபிலிம் வந்துவிட்டது. ஓரங்களை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பிடித்து எடுத்தாள். மை பிடிக்கிற பக்கம் மேலே இருந்தது, தட்டில் வைக்கும் முன்பே ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்த்திருந்தாள். மை பிடிக்கப் பூச்சு பூசிய பக்கம் ஈர உதட்டில் லேசாக ஒட்டும், மறுபக்கம் ஒட்டாது. மாற்றி வைத்தால் மை தரையில் கொட்டிய ரசம் மாதிரித் திட்டுத்திட்டாக நின்றுவிடும். உதடு இன்னும் பொய் சொல்லவில்லை. விரல் பொய் சொல்லவில்லை. லைட் டேபிளைப் போட்டாள். வெள்ளை வெளிச்சத்தின் மேல் அந்தப் பெண் தலைகீழ் நிறத்தில் கிடந்தாள், கறுத்த முகம், நரைத்த கூந்தல், கரி பூசிய பற்களோடு ஒரு சிரிப்பு. கன்னத்தின் மேல் லென்ஸை வைத்துக் குனிந்து வலது கண்ணைப் பொருத்தினாள். எப்போதும் வலது கண்தான். இடது கண் பிறவியிலேயே சோம்பேறி, வெளிச்சம் தெரியும், ஆள் அசைவது தெரியும், எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்தில் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சின்ன வயசிலேயே கொண்டுவந்திருக்கணும் என்றார், அப்போது அவளுக்கு ஒன்பது வயது. ஒரு கண்ணை வைத்துக்கொண்டுதான் ஊரிலேயே கூர்மையான கண் என்று பேர் வாங்கினாள். அந்தக் கண் லென்ஸுக்குள் போனது. புள்ளி இருந்தது. மூன்றாவது தடவை, அதே இடத்தில். லென்ஸைக் கொஞ்சம் தள்ளி நெற்றியில் வைத்துப் பார்த்தால் என்ன என்று கை கேட்டது. வேண்டாம். நெற்றியில் எதற்குப் பார்க்க வேண்டும், புள்ளி இருப்பது கன்னத்தில்தானே. கன்னத்தில் இருப்பதைக் கன்னத்தில்தான் பார்க்க வேண்டும். கை மறுபடியும் கேட்டது. அவள் லென்ஸை எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

கூடத்திலிருந்து கனகவேல் குரல் கொடுத்தார். அவள் புருஷன், வேறொரு அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் எதையாவது கழற்றிப் போடாமல் அவருக்குப் பொழுது போகாது. "புஷ்பம், குக்கரு நாலு விசில் வந்துருச்சு. கறி குழைஞ்சிராது?" என்றார். "தீயக் கொறைச்சு வைங்க, இன்னும் ரெண்டு விடட்டும். ஆட்டுக்கறி அது, ஆப்பமா குழையுறதுக்கு" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வருகிறதே என்று அவளுக்கே பயமாக இருந்தது. இரண்டு வாரம் முன்பு கம்பிக் கதவில் நடுக்கம்பி வளைந்திருக்கிறது, யார் ஏறி மிதித்தது என்று கேட்டாள். அவர் வந்து நின்று பார்த்து, நேராத்தானே இருக்கு என்றார். உங்களுக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு என்று சொல்லி விட்டுவிட்டாள். அவர் போனபிறகு விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினாள். விரலுக்கு நேராக இருந்தது. விரலை நம்புவதா கண்ணை நம்புவதா என்று நின்றவள், அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து உள்ளே போனாள். பால் வைத்திருக்கவே இல்லை. மதுரை பஸ்ஸில் நம்பரின் நடு எழுத்து அழிந்திருந்தது. எல்லா பஸ்ஸிலும் அழிந்திருந்தது. கல்யாண மண்டபத்தில் நாத்தனார் எதிரில் வந்து நின்றபோது யாரென்று தெரியாமல் கடந்து போனாள், அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. சுகர் டாக்டர் சொல்லியிருந்தார், வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கு மருந்து விட்டுப் பாக்கணும்மா, சுகரு கண்ணுல இறங்குறது உங்களுக்கே தெரியாது என்று. சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டுக்கு இரண்டு வயது ஆகிவிட்டது. உங்களுக்கே தெரியாது. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். பதினாறு வருஷம் ஓட்டை தேடினவளுக்கா தெரியாது?

வெயிலில் காட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதுதான் நியாயம். தாள் பொய் சொல்லாது. ஃபிலிமில் நிஜமாகவே புள்ளி இருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் புகுந்து தாளில் நீலமாக விழும். இல்லையென்றால் விழாது. இல்லையென்றால் என்பதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. நேற்று குளியலறைக் கதவைச் சாத்தி, மஞ்சள் விளக்கில் மருந்து தடவிக் காயவைத்த தாள்கள் கறுப்பு உறையில் இருந்தன. ஒன்றை எடுத்து, மை பூசிய பக்கம் தாளைத் தொடும்படி ஃபிலிமை வைத்து, மேலே கண்ணாடியைப் போட்டு, நாலு பக்கமும் கிளிப் மாட்டினாள். மேலே ஒரு துண்டைப் போர்த்தி மொட்டை மாடிக்குக் கொண்டுபோனாள். பத்தரை மணி வெயில் சிவகாசியில் எப்படி இருக்கும் என்று சிவகாசிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொன்னால் புரியாது. பக்கத்து மாடியில் வடகம் காய்ந்தது. தண்ணீர்த் தொட்டி ஓரமாகச் சட்டத்தை வைத்துத் துண்டை உருவினாள். செல்போனில் எட்டு நிமிஷம் வைத்தாள். எட்டு நிமிஷம் என்பது அவள் பல தடவை அளந்து கண்ட கணக்கு, இந்த ஃபிலிமுக்கு, இந்த மருந்துக்கு, இந்த வெயிலுக்கு. கண்ணாடிக்கு அடியில் மஞ்சள்பச்சை மெல்லக் கறுக்க ஆரம்பித்தது. கடவுளே, புள்ளி விழட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வாழ்நாளில் இப்படி வேண்டிக்கொண்டதே இல்லை. ஓட்டை இருக்கக் கூடாது, தூசி இருக்கக் கூடாது, கீறல் இருக்கக் கூடாது என்று ஆயிரம் ஃபிலிமுக்கு முன்னால் வேண்டியவள், பத்ரகாளி, இந்த ஒரு படம் பாழாய்ப் போகட்டும், அழகான அந்தக் கன்னத்தில் அசிங்கமாக ஒரு நீலப் புள்ளி விழட்டும், உனக்குப் பூச்சட்டி எடுக்கிறேன் என்று கேட்டாள். பூச்சட்டி எடுத்தால், கையில் நெருப்போடு கூட்டத்துக்குள் நடக்க எல்லார் முகமும் தெரிய வேண்டும். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

நிழலுக்குப் போய்த் தொட்டியில் சாய்ந்துகொண்டாள். ராஜகனி அக்கா ஞாபகத்துக்கு வரக் கூடாது என்று நினைத்தாள், நினைத்த உடனே வந்துவிட்டாள். அச்சகத்தில் அடுத்த லைட் டேபிளில் உட்காருகிறவள். நல்ல வேலைக்காரி, நல்ல வாய்க்காரி. திடீரென்று ஒரு வருஷம் ஓட்டைகளை விட ஆரம்பித்தாள். லைட்டு சரியில்லடி, ட்யூப்பு மங்கிருச்சு என்பாள். ட்யூப் மாற்றினார்கள். ஃபிலிம் சரியில்ல, கம்பெனி மாத்திட்டான் என்பாள். அவள் பார்த்து முடித்த ஃபிலிமை ஒருநாள் தங்கபுஷ்பம் எடுத்து மறுபடி பார்த்தாள். ஏழு ஓட்டை. ஏழையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு ஃபோர்மேனிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அக்கா மேல் கோபம் ஒன்றுமில்லை. ஏழு ஓட்டையைக் கண்டுபிடித்ததில் ஒரு பெருமை, அவ்வளவுதான். அவ்வளவுதானா? அக்காவைக் காலண்டர் எண்ணிக் கட்டுகிற பகுதிக்கு மாற்றினார்கள். கண் வேண்டாத வேலை, விரல் போதும். போகும்போது தன் லென்ஸைத் தங்கபுஷ்பத்தின் டேபிளில் வைத்துவிட்டுப் போனாள். ஐந்து வருஷம் கழித்து மாரியம்மன் கோயில் வாசலில் ஒரு கையால் மருமகளைப் பிடித்து, மறு கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். தங்கபுஷ்பம் எதிரில்தான் நின்றாள், இரண்டடி தூரம். பேசியிருந்தால் அக்கா குரலை வைத்துக் கண்டுபிடித்திருப்பாள். பேசவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கூட்டத்தில் நழுவினாள். பாவம் என்று வீட்டில் வந்து சொன்னாள், கண்ணு போயிருச்சாம் என்று. போயிருச்சாம். யாரோ சொல்லிக் கேட்ட மாதிரி. இப்போது அந்த ஏழு வட்டங்களும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அக்காவுக்குத் தெரிந்திருக்கும். லைட்டு சரியில்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு கண்தானே, அதுவும் போனால்? கண்ணை மூடிப் பார்த்தாள். இமைக்குள் சிவப்பு. வெயில் இருக்கிற வரைக்கும் சிவப்பாவது இருக்கும். அப்படியே எழுந்து மாடிப்படி வரைக்கும் போக முடியுமா என்று பார்த்தாள். தொட்டியிலிருந்து படிக்கு இருபது அடிதான், தினமும் துணி காயப்போட நடக்கிற தூரம். ஒன்று, இரண்டு, மூன்று. கால் தரையைச் சந்தேகப்பட்டது. நாலு, ஐந்து. கொடிக்கயிறு எங்கே? கையை முன்னால் நீட்டினாள், நீட்டிய கையைப் பார்த்து அவமானமாக இருந்தது, பார்க்கவில்லை என்றாலும் அவமானமாக இருந்தது. ராஜகனி அக்கா அப்படித்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஆறு, ஏழு. ஏழில் நின்றுவிட்டாள். எங்கோ வண்டி ஹாரன் அடித்தது, பக்கத்து மாடியில் காக்கை இறங்கிற்று, வடகத்தைக் கொத்துகிற சத்தம் கேட்டது, விரட்ட வேண்டும், எந்தப் பக்கம் விரட்டுவது. படி இடது பக்கமா வலது பக்கமா என்று திடீரென்று தெரியாமல் போயிற்று. தன் வீட்டு மாடியில், இருபத்திரண்டு வருஷம் நடந்த மாடியில். கண்ணைத் திறந்துவிடடி, திறந்தால் தெரிந்துவிடும், இப்போது தெரியத்தான் செய்யும், திற. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்பார்கள். பூனைக்குத் திறக்க முடிகிறது, அதனால் அது சிரிப்புக் கதை. கண்ணைத் திறந்தாள். படி வலது பக்கம் இருந்தது. படியின் மேல், அவள் பார்த்த இடத்தில், சாம்பலாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டாள். செல்போன் மணி அடித்தது.

தாளைக் குளியலறையில் தட்டில் போட்டு அலசினாள். மஞ்சள் கரைந்து ஓட ஓட, நீலம் எழுந்து வந்தது. இந்த நேரம் எப்போதும் அவளுக்குப் பிடிக்கும். முதலில் கூந்தல் வரும், பிறகு கழுத்தின் நிழல், பிறகு வெள்ளையாகப் பற்கள், அப்புறம் சிரிப்பு. ஈரக் கூந்தலும் சிரிப்புமாக ஒரு பெண் தண்ணீருக்குள் இருந்து பார்த்தாள். தங்கபுஷ்பம் கன்னத்தைப் பார்த்தாள். இருந்தது. புள்ளி இருந்தது! தாளில் விழுந்திருக்கிறது, ஃபிலிமில்தான் கோளாறு, பாழாய்ப் போன பிரிண்டர், நான் சொன்னேனே. ஈரக் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அரை நிமிஷம் இருக்கும். பிறகு அவளுக்குள் இருந்த பதினாறு வருஷத்து வேலைக்காரி எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். என்ன நிறம் என்று கேட்டாள். சாம்பல். நெகட்டிவில் என்ன நிறம்? சாம்பல். நெகட்டிவில் சாம்பலாக இருந்தால் தாளில் என்ன நிறமாக விழ வேண்டும்? நீலமாக. இது ஏன் மாறவில்லை? எல்லாம் மாறியிருக்கிறதே, கறுப்புப் பல் வெள்ளையாயிற்று, நரைத்த கூந்தல் கறுநீலமாயிற்று, இது மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது? ஈரம், என்றாள் தங்கபுஷ்பம். காயவில்லை, காய்ந்தால் நிறம் எழும். வேலைக்காரி நகராமல் நின்றாள். நின்றது போதாதா.

யாரிடமாவது காட்ட வேண்டும். கண் உள்ள யாரிடமாவது. வீட்டில் இருந்தது கனகவேல் ஒருத்தர்தான். அவரிடம் காட்டுவதில் ஒரு சிக்கல் இருந்தது. தொழில் ஆரம்பித்த புதிதில் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்து, புள்ளி இருக்கா பாருங்க என்று அவரைக் கேட்பாள். அவர், இல்லையே, சுத்தமா இருக்கே என்பார். இது என்ன, இது என்ன, உங்களுக்கு இருக்கிறது கண்ணா புண்ணா என்று இவள் நாலு இடத்தைச் சுட்டிக் காட்டுவாள். நாலு தடவை திட்டு வாங்கினார், ஐந்தாவது தடவை புத்தி வந்தது. அதிலிருந்து அவள் எதைக் காட்டிக் கேட்டாலும், ஆமா, இருக்கு, நானும் அதத்தான் பாத்தேன் என்பார். வீட்டில் சண்டை குறைந்தது. அவளும் அவரைக் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது எப்படிக் கேட்பது? குரலை எந்தப் பக்கமும் சாயாமல் வைத்துக் கேட்க வேண்டும். தாளைக் கண்ணாடித் தகட்டில் படிய வைத்து, தண்ணீர் சொட்டச் சொட்டக் கூடத்துக்குப் போனாள். அவர் பழைய பேப்பரை விரித்து மேசை விசிறியைப் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டிருந்தார். கை முழுக்கக் கிரீஸ்.

"இந்தப் படத்தக் கொஞ்சம் பாருங்க" என்றாள். "புள்ளி ஏதும் இருக்கா?"

அவர் தலையை நிமிர்த்தினார். கண்ணாடித் தகட்டைப் பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றார்.

அவள் தகட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். இருக்கிறதாம். இன்னொரு கண் சொல்லிவிட்டது. சந்தோஷம் என்றால் இப்படியா வரும், வாந்தி வருகிற மாதிரி வந்தது. பிரிண்டரைத் தூக்கிப் பழைய சாமான் கடையில் போடுகிறேன், சுகர் டாக்டரிடம் நாளைக்கே போகிறேன், நாத்தனார் வீட்டுக்கு நானே போய்ச் சண்டையைத் தீர்த்துக்கொள்கிறேன், ராஜகனி அக்கா வீட்டைத் தேடிக்கொண்டு போய்க் கையைப் பிடித்துப் பேசுகிறேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எழுந்து போய்க் கறியில் தேங்காயை அரைத்து ஊற்றியிருக்கலாம், மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம், இன்னும் ஒரு மாதம் ஓடியிருக்கும். ஆனால் பதினாறு வருஷம் வட்டம் போட்டுப் பழகிய கை விடவில்லை.

"எங்கன?" என்றாள்.

"என்ன எங்கன?"

"புள்ளி எங்கன இருக்கு? தொட்டுக் காட்டுங்க."

அவர் விரலை நீட்டினார். படத்தைத் தொடவே கூடாது என்று பழக்கப்பட்ட விரல், அதனால் காற்றிலேயே நின்றது. மெல்ல நெற்றிப் பக்கம் போனது, அங்கிருந்து காதுப் பக்கம் வந்தது, தயங்கியது. அவர் படத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் எங்கே சரி என்று வருகிறதோ அங்கே விரலை இறக்கக் காத்திருந்தார். அவள் முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டாள். அவர் வேறு வழி தெரியாமல் அந்தப் பெண்ணின் தாடை ஓரத்தில் விரலை வைத்து, "இங்கன" என்றார். எடுத்தபோது அங்கே கறுப்பாக ஒரு கிரீஸ் தடம் இருந்தது.

"ஐயையோ, பட்டுருச்சு" என்றார்.

தங்கபுஷ்பம் தாடையைப் பார்த்தாள். கறுப்புத் தடம் மறைந்து அங்கே சாம்பல் இருந்தது. கன்னத்தைப் பார்த்தாள். தாடையில் கறுப்பு திரும்ப வந்தது, சாம்பல் கன்னத்துக்கு வந்திருந்தது. நெற்றியைப் பார்த்தாள், நெற்றிக்கு வந்தது. கூந்தலைப் பார்த்தாள். தரையில் கிடந்த விசிறி இறக்கையைப் பார்த்தாள். அவர் வைத்த கறுப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. மற்றது அவள் போன இடமெல்லாம் கூடவே வந்தது.

"நெசமாச் சொல்லுங்க" என்றாள். "திட்ட மாட்டேன். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?"

அவர் கையைப் பனியனில் துடைத்துக்கொண்டு தகட்டைத் தூக்கி ஜன்னல் பக்கம் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணும் இல்ல புஷ்பம். நான் வச்ச அழுக்குதான். மத்தபடி சுத்தமா இருக்கு. நீ எப்பவும் இருக்குன்னுதான சொல்லுவ, அதான் நானும்" என்றார். பிறகு, "ஏன், உனக்கு எங்கன தெரியுது?" என்றார்.

"எங்க பாத்தாலும் தெரியுது."

அவருக்கு விளங்கவில்லை. அல்லது விளங்கியது, ஆனால் இன்னொரு தடவை கேட்க வேண்டியிருந்தது. "எங்க பாத்தாலும்னா?"

"செவுத்துல தெரியுது. கதவுல தெரியுது. இப்ப உங்க மூஞ்சில இருக்கு, மூக்கு இருக்குற எடத்துல. ஆடி மாசத்துல இருந்து இருக்கு. நான் சொல்லல. எனக்குப் பயமா இருக்குங்க, ரொம்பப் பயமா இருக்கு."

குக்கர் ஆறாவது விசில் அடித்தது. அவர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நேராகப் பார்த்தாள், சாம்பல்தான் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி அவருடைய காதைப் பார்த்தாள். அப்படிப் பார்த்தபோது கண்ணின் ஓரத்தில் அவர் முகம் முழுவதும் தெரிந்தது, வாய் கோணி, உதடு நடுங்கி, அவளைவிட அதிகமாகப் பயந்துபோய். அவள் காதிலிருந்து கண்ணை எடுக்காமல் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.